செம்மண்ணுக்கு இரண்டு சக்கரங்கள்

முழு சைக்கிளோடு விமானம் ஏறுகிறவனை உலகம் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவனை யாரும் நம்புவதில்லை. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "வீல்சேரா சார்? வீட்ல யாருக்கு முடியல?" என்று மிகுந்த கரிசனத்தோடு கேட்டார். சைக்கிள் சக்கரம் என்றேன். "மிச்ச சைக்கிள்?" என்றார். மிச்ச சைக்கிள் புதுச்சேரியில் இருக்கிறது என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊர் மண்ணில் கால் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்குச் சூடேறிவிட்டது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரையில். மனைவியின் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு சிறு நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். விடுமுறை நாளில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஊரில் என் தங்கை குமுதா இருக்கிறாள். அவள் மகள் மலர், பக்கத்திலுள்ள புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறவள். அந்த வாரக் கடைசியில் காட்டுப்பாதைப் பந்தயம். அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் பெண்கள்தான் புதுச்சேரி அணியில் சேர்ந்து தேசியப் போட்டிக்குப் போவார்கள். மலருக்கு அவளுடைய வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வாய்ப்பு. "வண்டி இருக்குது மாமா, வீலுதான் ஆட்டம் காணுது" என்று போனில் சொன்னாள். லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து டாக்சி. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஓட்டுநர் சக்கரங்களைப் பையிலிருந்து உருவி, மேல் கேரியரில் படுக்க வைத்து, கம்பிகளுக்கு நடுவே நைலான் கயிற்றை விட்டு, காலை வண்டியில் ஊன்றி இறுக்கிக்கொண்டிருந்தார். தேருக்கு வடம் கட்டுகிற இழுப்பு. "என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினேன். "ஓடறதுக்குன்னே செஞ்ச வீலு சார், கட்டி வச்சா இன்னா ஆவப்போவுது?" என்றார். ஒவ்வொரு கம்பியும் ஒரே இழுவையில் இருந்தால்தான் சக்கரம் நேராக ஓடும் என்பதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மடியில வச்சிக்கிங்க" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் இரண்டு சக்கரங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் கடல் தெரியும் என்பார்கள். எனக்குக் கம்பிதான் தெரிந்தது.

மரக்காணத்தில் டீ குடிக்க நிறுத்தினார். கார் கதவைத் திறந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்தே இல்லியே" என்றார். விமானத்துக்காகக் குறைத்து வைத்திருக்கிறேன் என்றேன். டீக்கடைக்காரரும் அடுப்பை விட்டு வந்து அமுக்கினார். "ஆமா, கம்மிதான்." காட்டுப்பாதை டயருக்கு எப்போதுமே காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தரையைப் பிடிக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் கைப்பம்போடு நின்றார். யார் கேட்டது? நான் இருக்கும் ஊரில் அடுத்தவன் சைக்கிளைத் தொடுவதென்றால் முதலில் கேட்பார்கள். இங்கே தொட்டுவிட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டு, பிறகுதான் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். டீ மட்டும் நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குமுதா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். மாங்காய் போட்டு, எண்ணெய் மேலே மிதக்க, நான் பல வருடமாகக் கனவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழம்பு. நான் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தெருக்காரர்கள் சக்கரங்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கட்டைவிரல் இருந்தது. குமுதாவின் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறார். டூட்டிக்குப் போகும் அவசரத்திலும் ஒரு தடவை அமுக்கி, "காத்து வக்கணும் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அமுக்காத ஒரே ஆள் மலர். வேலை முடிந்து வந்தவள் சக்கரத்தை அச்சில் பிடித்துச் சுற்றிவிட்டு, காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு டயரின் பற்களை நகத்தால் நெருடிப் பார்த்தாள். "வீலு சூப்பர் மாமா" என்றாள். கொஞ்சம் விட்டு, "டயருதான்..." என்று இழுத்தாள். டயருக்கு என்ன? பிரான்சில் எங்கள் ஊரில் பந்தயக்காரர்கள் எல்லாரும் போடுகிற டயர். பல் சின்னது, எடை குறைவு, வேகமாக ஓடும். "வேகமாதான் ஓடும். எங்க போயி நிக்கும்னு தெரியாது. நீங்க ஓட்டறது பாறை மாமா. இங்க செம்மண்ணு" என்றாள். கடல் கடந்து சுமந்து வந்த டயரைப் பார்த்து இருபது வயதுப் பெண் இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? கை கழுவப் போனேன்.

மறுநாள் அவள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு டவுனுக்கு வந்தாள். டெம்போவில் போனோம். புதுச்சேரி டெம்போவில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரே கணக்குதான்: இன்னும் ஒருவர் ஏறலாம். ஒரு சக்கரத்தை எடுத்துப் போயிருந்தேன், டயர் பொருந்துகிறதா என்று பார்க்க. எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா தன் கூடையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "அம்மா, அது வீலு" என்றேன். "தெரியுதுப்பா. ஆடாம புடி, பூ கொட்டிடப் போவுது" என்றார். நானும் பஸ் ஓட்டுகிறவன்தான். என் பேருந்தில் ஒருவர் இப்படிச் செய்தால் மைக்கில் அறிவிப்பேன். இங்கே பேருந்து நிலையம் வரைக்கும் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நேரு வீதிக்குப் பின்னால் ஏசி போட்ட பெரிய சைக்கிள் கடை. உள்ளே சைக்கிள்கள் நகைக்கடைபோல விளக்கு வெளிச்சத்தில் நின்றன. மலர் தெளிவாகக் கேட்டாள்: "டிரெயில் டயரு, முன்னாடி வீலுக்கு. பல்லு பெருசா, சைடு கெட்டியா வேணும். டியூப்லெஸ்." விற்பனையாளர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், பொண்ணுக்கா? கூடை வச்ச மாடல் ஒண்ணு வந்திருக்கு, லைட் வெயிட்டு" என்றார். கூடை! டயர் கேட்டாள் ஐயா என்றேன். அவர் தடிமனான ஒரு டயரைக் கொண்டுவந்தார். மலர் அதைப் பார்த்ததும், "இது எங்க வண்டி ஃபோர்க்குல நொழையாது" என்றாள். "நொழையும் சார்" என்று அவர் என்னிடம் சொன்னார். முன் சக்கரம் மாட்டுகிற அந்தக் கவட்டையின் அளவை அவள் வீட்டிலிருந்தே குறித்து வந்திருந்தாள், டயரை அளந்து பார்த்தோம். நுழையவில்லை. "கொஞ்சம் காத்து எறக்குனா நொழையும் சார்" என்றார். கேள்வி கேட்பவள் ஒருத்தி, பதில் போய்ச் சேருவது இன்னொருவனுக்கு. அடுத்த தடவை அவர் "சார்" என்றபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஓட்டறது அவ, அவகிட்ட சொல்லுங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உடுங்க மாமா, இங்க எப்பவும் இப்படித்தான்." அந்த "எப்பவும்" என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

கடைசியில் அவள் கேட்ட டயர் அதே கடையில், மேல் தட்டில், தூசி படிந்த அட்டைக்குப் பின்னால் இருந்தது. அவளே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். அந்தக் கோபத்தை ஆற்ற இரண்டு பேரும் ஒரு பேக்கரிக்குள் போய் நீள ரொட்டி வாங்கி, டீயில் தொட்டுத் தின்றோம். மேலோடு மொறுமொறு என்று எங்கள் ஊர் ரொட்டியைவிட நன்றாகவே இருந்தது. அதில் இனிப்பு எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் பாதையைப் பார்க்கப் போனோம். சேதராப்பட்டு தாண்டி, கம்பெனிச் சுவர்கள் முடிகிற இடத்தில் செம்மண் மேடு தொடங்குகிறது. முந்திரித் தோப்பு, மழைநீர் அறுத்த பள்ளங்கள், நடுநடுவே சீமைக்கருவேலம். நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சைக்கிளின் முன் சக்கரத்தில், மலர் வேண்டாமென்ற என் வேக டயரை மாட்டிக்கொண்டேன். மலருக்குப் புதுச் சக்கரங்கள், முன்னால் அவள் எடுத்த டயர். பின்னால் மட்டும் நான் கொண்டுவந்ததில் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்திருந்தாள், உருளுவதற்கு இலகுவாக இருக்கும் என்று. என் மானம் பின் சக்கரத்தில் பாதி பிழைத்தது.

முதல் இறக்கத்திலேயே விழுந்தேன். அந்த மண்ணின் மேல் சின்னச் சின்ன உருண்டைச் சரளை கிடக்கிறது. தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடப்பதுபோல. கெட்டித் தரையில் பற்கள் பதிய வேண்டுமென்றால் முதலில் சரளையைத் தாண்டி இறங்க வேண்டும். என் டயரின் பற்கள் சரளையோடு நின்றுவிட்டன. மலரின் பற்கள் இறங்கிப் பிடித்தன. அவள் கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பாதையைப் பராமரிக்காத நிர்வாகத்தைத் திட்டினேன். "காட்டுப் பாத மாமா. இத யாரு பெருக்குவாங்க?" என்றாள்.

அதோடு முள். சீமைக்கருவேல முள் ஆணி மாதிரி. நான்கு பக்கத்திலிருந்தும் டயரைத் தேடி வருகிறது. டியூப் இல்லாத டயருக்குள் பால் மாதிரி ஒரு மருந்து ஊற்றியிருப்போம். முள் குத்தினால் அது கசிந்து உறைந்து ஓட்டையை அடைத்துவிடும். மலர் வழக்கமாக ஊற்றுவதைவிட ஒரு மடங்கு கூடுதலாக ஊற்றியிருந்தாள். அன்றைக்கு அவள் டயரில் குத்திய முட்களையெல்லாம் பிடுங்கிப் பார்த்தோம், காற்று இறங்கவில்லை. பிரேக்கும் பிரமாதம். சக்கரத்தின் நடுவில் பிரேக் கவ்வுகிற இரும்புத் தட்டு, டிஸ்க், அதுவும் நான் கொண்டுவந்த புதுசு, பிரேக்கை ஒரே விரலால் தொட்டால் வண்டி நின்றது. "மாமா, இந்த எறக்கத்துல நான் எப்பவும் பயந்துக்கினே வருவேன். இன்னைக்குப் பயமே இல்ல" என்றாள். வழியில் ஒரு வண்டிக் கடையில் கூழும் கருவாடும் சாப்பிட்டோம். என் முழங்கை எரிந்துகொண்டிருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. அவள் மூன்றுக்குள் வந்துவிடுவாள் என்று அன்றைக்கு முதல் தடவையாக நம்பினேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, நான் பழைய நண்பன் ஒருவனைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் சைக்கிள் நின்றது. கைப்பிடியில் சாமந்தி மாலை. முன் சக்கரத்துக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அது கிடக்கட்டும், சாமி விஷயம், நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் இரண்டு சக்கரத்து டிஸ்க்கிலும் சந்தனம் அப்பி அதன் நடுவே குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் போனேன். டிஸ்க் பளபளவென்று மின்னியது. விரலால் தொட்டேன். எண்ணெய்.

"குமுதா!"

அவள் பூரிப்போடு வெளியே வந்தாள். "அம்மன் கோயில்ல பூஜ போட்டுட்டேண்ணா. புது வீலு ஆச்சே, அப்பிடியே உட்டா நல்லாவா இருக்கும்? பூசாரி பொட்டு வக்க எடம் தேடுனாரு. இந்தத் தட்டுதான் வட்டமா லட்சணமா இருந்திச்சி."

"எண்ணெ யாரு போட்டது?"

"நான்தான். செம்மண்ணு படிஞ்சி கெடந்திச்சி. அருவாமனைக்கு, பூட்டுக்கு எல்லாம் தடவுற மாதிரி நல்லெண்ணெ தொட்டு தொடச்சேன். துரு புடிக்காதுல்ல?"

உலகத்தில் எண்ணெய் போடவே கூடாத இரும்பு ஒன்று உண்டென்றால் அது பிரேக் டிஸ்க். அதைக் கவ்விப் பிடிக்கிற சிறு கட்டைகளுக்குப் பேட் என்று பெயர். அவை எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அவ்வளவுதான், பிரேக்கை அழுத்த அழுத்த வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. தெரு முழுக்கக் கேட்டது. பூசாரியைச் சொன்னேன், அம்மனைச் சொல்லவில்லை. குமுதாவை நிறையச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மலருக்கு நல்லது நடக்கணும்னுதானேண்ணா செஞ்சேன்" என்றாள். நல்லது நடக்க வேண்டும் என்று இந்த ஊரில் எத்தனை காரியங்களைக் கெடுக்கிறார்கள் என்று அதற்கும் கத்தினேன்.

மலர் சக்கரங்களைக் கழற்றினாள். சோப்பும் வெந்நீரும் போட்டு டிஸ்க்கைத் தேய்த்தோம், பிறகு ஸ்பிரிட் வைத்துத் துடைத்தோம். டிஸ்க் சுத்தமாகிவிட்டது. பேடுகளை உப்புத்தாளில் உரசினோம். பின் பிரேக் ஒருவழியாகப் பிடித்தது. முன் பிரேக் பிடிக்கவில்லை. நெருப்பில் காட்டினால் எண்ணெய் எரிந்துபோகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். புகை வந்தது, நல்லெண்ணெய் வாசனை வந்தது, பிறகு ஒரு பேட் விரிசல் விட்டு உதிர்ந்தது. அதற்கும் குமுதாதான் காரணம் என்று அந்த நேரத்தில் முழு மனதோடு நம்பினேன். டவுனில் கடைகள் மூடுவதற்குள் ஓடினோம். ஏசி கடையில் வேறு வடிவப் பேட்தான் இருந்தது. "கொஞ்சம் தேச்சி வச்சா நொழையும் சார்" என்றார் அதே மனிதர். அவரை ஒன்றும் செய்யாமல் வெளியே வந்ததற்கு மலர்தான் சாட்சி.

இரவில் மழை கொட்டியது. காலையில் சேதராப்பட்டு மேடு சிவப்புக் குழம்பாகக் கிடந்தது. குமுதா வரவில்லை. நான் வாயைத் திறந்தால் மறுபடி கத்துவேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு சைக்கிளையும் நிறுத்திப் பார்த்தார்கள். கழுத்தில் விசில் தொங்கிய நடுவர் மலரின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார். வண்டி பாட்டுக்குப் போனது. "இந்த ஈரத்துல இத வச்சிக்கினு எறக்கத்துல உடமுடியாதும்மா. பிரேக்கு சரி பண்ணினு வா, ஆரம்பிக்கறதுக்குள்ள வந்தா சேத்துக்கறேன். இல்லன்னா இல்ல" என்றார். நான் சண்டை போட்டேன். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறேன் தெரியுமா என்றேன். "தூரம் இன்னா சார் பண்ணும்? கீழ உழுந்தா நீங்களா தூக்குவீங்க?" என்றார். அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிற்கிற சைக்கிள்களின் முன் பிரேக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணின் வண்டியில் அதே மாதிரி பிரேக். பக்கத்தில் அவள் அப்பா உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, உறையிலிருந்து புதிய பேட் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். சேவியர் என்று பெயர் சொன்னார். காரைக்காலில் மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொல்லி அந்தப் பேடுகளைக் கேட்டேன். பந்தயக்காரர்களுக்குத் தெரியும், ஈரச் செம்மண் உப்புத்தாள் மாதிரி பேடைத் தின்றுவிடும். அதனால்தான் புதியதை மாற்ற உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

"உங்க பொண்ணு எப்படி ஓட்டும்?" என்று கேட்டார்.

"மூணுக்குள்ள வந்துடுவா."

"இதுவும் அப்படித்தான்" என்று மகளைக் காட்டினார். ரோஸ்லின். மலர் வயதுதான் இருக்கும். கையில் ஒன்றும் இல்லாததுபோல அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். என்னால் குறை சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

ரோஸ்லின் தூரத்தில் தனியாக நின்ற மலரைப் பார்த்தாள். பிறகு தன் வண்டியின் பழைய பேடைக் குனிந்து பார்த்தாள். "நம்மது இன்னும் கொஞ்சம் இருக்குப்பா. ஓடிரும். குடுத்துருங்க" என்றாள்.

"மழை பேஞ்சிருக்கும்மா."

"குடுங்கப்பா. அது நிக்கிறதைப் பாத்துட்டு என்னால ஓட்ட முடியாது."

சேவியர் கொடுத்தார். நான் நன்றி சொன்னேனா என்றே எனக்கு நினைவில்லை, அவ்வளவு வேகமாக ஓடினேன். மாட்டினோம். நடுவர் மறுபடியும் தள்ளிப் பார்த்தார். வண்டி நின்றது. மலர் வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொண்டாள்.

மலர் ஓட்டியதை நான் பார்த்த அளவில் சொல்கிறேன். மேட்டில் முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். என்னுடையதுபோல் சின்னப் பல் டயரைப் போட்டு வந்த ஒரு பெண் முதல் இறக்கத்திலேயே என்னைப்போலத்தான் விழுந்தாள். மலரின் முன் டயர் சேற்றைக் கீறிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது முதல் இரண்டு பெண்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். மூன்றாவது ரோஸ்லின். அவளுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மலர்.

பெரிய இறக்கத்தின் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தேன். ரோஸ்லின் வந்தாள். பிரேக்கிலிருந்து கிறீச் என்று இரும்போடு இரும்பு தேய்கிற சத்தம் கேட்டது. பேட் தீர்ந்துவிட்டது. அவள் காலை ஊன்றி, தடுமாறி, வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்து இறங்க ஆரம்பித்தாள். மலர் வந்தாள். அவளைப் பார்த்தாள். ஒரு கணம் வேகம் குறைந்தது என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒரே விரலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு, ரோஸ்லினைத் தாண்டி, நேராகக் கீழே போய்விட்டாள்.

மலர் மூன்றாவது. ரோஸ்லின் நான்காவது.

நான் குமுதாவுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் அழுகை, சிரிப்பு. "பாத்தியாண்ணா, அம்மன் கைவிடல. பூஜ போட்டது வீண்போவல" என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் சேவியர் நின்றுகொண்டிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருப்பார். போனை அணைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. "பிரேக்கு நல்லாப் புடிச்சிச்சா?" என்று கேட்டார். பிடித்தது என்றேன். "அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, சேற்றில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகளிடம் போனார்.

எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. நேராக நடுவரிடம் போனேன். மலரும் பின்னாலேயே வந்தாள். இது அநியாயம் என்று கத்தினேன். அந்தப் பெண் தன் பேடைக் கொடுத்ததால்தான் தோற்றாள், அவளையும் அணியில் சேர்க்க வேண்டும், இது என்ன பந்தயம், நல்லது செய்தவளுக்கு இதுதான் கதியா என்றெல்லாம் கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது.

நடுவர் கடைசி வரைக்கும் கேட்டார். "எடம் மூணுதான் சார். நாலாவதா ஒரு பொண்ண சேக்கற அதிகாரம் எனக்கு இல்ல. உங்களுக்கு அவ்ளோ அநியாயமா தெரிஞ்சா ஒரு வழி இருக்குது. உங்க பொண்ணு வெலகிக்கிச்சின்னு எழுதிட்டா, நாலாவதா வந்த பொண்ணு மேல வந்துடும். எழுதட்டுமா?"

பேனாவின் மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் மலரைப் பார்த்தேன். அவள் ஹெல்மெட் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வெளியே சேவியரும் ரோஸ்லினும் ஒரு லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எழுதட்டுமா சார்?" என்று இன்னொரு முறை கேட்டார். நான் பேசவில்லை. மலரும் பேசவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். வெகு தூரம் வந்த பிறகு, "எழுதுங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன் மாமா" என்றாள்.

"நீ சொல்லிடுவியோன்னு நான் பயந்தேன்" என்றேன்.